நாலாம் வீடு பார்த்த படங்கள்

ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மருதாசலம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஆறு பேர். ஐம்பத்தைந்து இன்ச் டிவிக்கு நேர் எதிரே, பெரிய சோபாவின் நடுவில், இரண்டு பக்கமும் கையை விரித்துப் போட்டுக்கொண்டு மருதாசலம். அவருக்கு வலது பக்கம் ஒற்றைச் சோபாவில் அவர் மகன் வேல்குமார், மடியில் போன், கையில் ஒரு கிண்ணம் வறுத்த நிலக்கடலை. சமையலறை நிலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு மருதாசலத்தின் மனைவி கமலாம்பாள். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் மூன்றாம் வீட்டுப் பெருமாள்சாமி. டிவிக்குப் பக்கத்து ஸ்டூலில், எழுதுகிற அட்டையோடு நான். நாலாம் வீட்டு ஜோதிகாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஒரு பெண் என்னென்ன படம் பார்த்தாள் என்று பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டு, அதை மூன்று ஆண்கள் முன்னால் படிப்பதற்காகக் கூடிய கூட்டம் அது. படிக்கிற நாலாவது ஆண் நான்.

என் பெயர் அருள்செல்வன். காங்கேயத்துப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தேன். பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. கடிதம் எழுத வரும் என்பதால் எங்கள் லைன் வீட்டுக்கு எது எழுதுவதானாலும் என்னிடம்தான் வருவார்கள். தண்ணீர் வராததற்கு மாநகராட்சிக்கு நான் எழுதினேன். கம்பத்து விளக்குக்கு நான் எழுதினேன். கேபிள்காரர் நல்லானுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதியதும் நான்தான்.

அது ஜனவரியில். மருதாசலம் வீடு முன்னால், அதன் பின்னால் ஒரே சுவரில் நாலு லைன் வீடுகள். முதல் வீடு என்னுடையது. இரண்டாவதில் ஒடிசாக்காரப் பையன்கள் மூன்று பேர், மூன்றாவதில் பெருமாள்சாமி குடும்பம், நாலாவதில் ஜோதிகா தனியாக. பதினோரு வருடமாக ஐந்து வீட்டுக்கும் நல்லானின் ஒரே கேபிள்தான், தென்னை மரத்தில் சுற்றி, மொட்டை மாடிக் கம்பியைத் தாண்டி வந்தது. வேல்குமார் முதலிபாளையம் எஸ்டேட்டில் சட்டைக்குப் பிரிண்ட் போடுகிற யூனிட் வைத்திருக்கிறான். யூனிட்டுக்கு ஃபைபர் இழுத்த ஆட்களிடமே சொல்லி இங்கேயும் இழுத்தான். இனிமேல் கேபிளை எவனாவது பார்ப்பானா என்றான். ஒரே கணக்கில் ஒரு ஆப் வாங்கி எல்லா டிவியிலும் போட்டுக் கொடுத்தான். டிவியைத் திறந்தால் யார் பார்க்கப்போவது என்று கேட்டு ஐந்து பொம்மை முகங்கள் வரும். ஒன்றுக்குக் கீழே 'ஊடு' என்று இருக்கும், அது அவர்கள் வீட்டுக்கு. மற்ற நாலுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பூட்டு எதுவும் கிடையாது. எந்த வீட்டு டிவியில் திறந்தாலும் ஐந்து முகமும் வரும், எதை வேண்டுமானாலும் அமுக்கலாம். ஒரே நேரத்தில் நாலு டிவிதான் ஓடும். ஐந்தாவது ஆள் திறந்தால் கதவை முகத்தில் சாத்தின மாதிரி ஒரு வாசகம் வரும். அப்போது மருதாசலம் ஜன்னல் வழியாக, "யாராச்சும் ஒருத்தரு அணைங்க சாமி" என்று குரல் கொடுப்பார். பெரும்பாலும் ஜோதிகாதான் அணைப்பாள்.

நல்லான் வந்து வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனபோது, நான் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடமே காட்டி, எழுத்து நல்லா இருக்குதுங்க என்றார். கேலியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கேபிளில் ஒன்று இருந்தது. போனது போனதுதான். சாயங்காலம் ஒரு சீரியலின் சத்தம் ஐந்து வீட்டிலும் ஒன்றாகக் கேட்கும். யார் பார்த்தார்கள், யார் பாதியில் தூங்கினார்கள் என்று எந்த நோட்டிலும் ஏறாது. இந்த ஆப் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என்று டைம் ஆபீஸில் இருக்கிற எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

இனி, அந்தக் கூட்டம் ஏன் கூடியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜோதிகா கோவில்பட்டிப் பக்கத்து ஊர். எங்கள் கம்பெனியில் செக்கிங், தைத்த பனியனில் குறை பார்க்கிற வேலை. புருஷன் ஜெயபாண்டி மூன்று வருடத்துக்கு முன் பல்லடம் ரோட்டில் விபத்தில் போய்விட்டான். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, ஊரில் மாமியார் ராக்கம்மாளிடம் இருக்கிறது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு இங்கே லைன் வீடு கொடுப்பதென்றால், ஊரில் பெரியவர் ஒருத்தர் 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கைநாட்டு வைத்து அனுப்ப வேண்டும். மருதாசலம் அப்படித்தான் கேட்டு வாங்கினார். அந்தக் காகிதத்தின் வாசகத்தையும் நான்தான் எழுதி அனுப்பினேன். ராக்கம்மாள் கைநாட்டு வைத்தாள். வரும் ஜூனில் குழந்தையை இங்கே அனுப்புவதாகவும், இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம் என்றும் மூன்று மாதம் மல்லுக்கட்டி ஜோதிகா அவளைச் சம்மதிக்க வைத்திருந்தாள். கம்பெனி கேட்டுக்கு வரும்போதெல்லாம் ஜூனுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று என் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பெருமாள்சாமியின் ஏழு வயது மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைப் படம் பார்க்க ஜோதிகா வீட்டுக்குப் போகும். மார்ச் கடைசி ஞாயிறு திரும்பி வந்து, அத்தை ஊட்டு டிவியில் துணி இல்லாத ஆளுங்க வர்றாங்க என்று சொல்லியிருக்கிறது. பெருமாள்சாமி போய்ப் பார்த்தார். நாலாம் முகத்தைத் திறந்ததும் வரிசையாக அந்த மாதிரிப் படங்கள்தான் நின்றன. நேராக மருதாசலத்திடம் வந்து சொல்லிவிட்டார். பெண் குழந்தையைப் பெற்றவர், அவருடைய கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேல்குமார் அந்த வாரமே போனில் கணக்கைத் திறந்து, நாலாம் முகம் மார்ச் மாதம் முழுக்கப் பார்த்ததில் அந்த மாதிரிப் படங்களை மட்டும் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாளாக அடித்துக் கொண்டுவந்தான். ஒன்பது வரி. ஜெராக்ஸ் கடைப் பையன்கள் படித்துச் சிரித்ததையும் அவனே எங்களிடம் சொன்னான், தன் யூனிட்டுக்கு விளம்பரம் கிடைத்த மாதிரி. சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் எழுதி, ராக்கம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதி, இதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நீங்கள் பொறுப்பு ஏற்ற பெண் இப்படி இருக்கிறாள், மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லியிருக்கிறோம், என்று.

போனில் சொல்லக் கூடாதா என்றேன்.

மருதாசலம் சொன்னார். "எழுத்துல வந்த பொறுப்புங்க. எழுத்துலயே திருப்பிக் குடுக்கோணும்."

அந்த ஊரில் ராக்கம்மாளுக்குக் கடிதம் படித்துக் காட்டுவது சத்துணவு டீச்சர். பள்ளிக்கூடத் திண்டில் உட்கார்ந்து நாலு பேர் கேட்கத்தான் படிப்பார்களாம். அந்தப் பட்டியல் அங்கே படிக்கப்பட்டால் குழந்தை ஜூனில் இல்லை, எந்த ஜூனிலும் வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தாள்களை வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் விளக்கைப் போட்டு வரி வரியாகப் பார்த்தேன். முதல் பத்தியில் தேதி. அடுத்ததில் நேரம். அடுத்ததில் படத்தின் பெயர். கடைசிப் பத்தியில் எந்த டிவி என்பதும் இருந்தது, அதன் இன்ச் கணக்கோடு. மற்றவர்கள் படத்தின் பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கண் முதலில் நேரத்துக்குத்தான் போகும், இருபது வருடப் பழக்கம். ஒன்பதில் ஏழு, செவ்வாயும் வெள்ளியும், மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள். மார்ச் முழுக்க எங்கள் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம். ஜோதிகா எல்லா நாளும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே. அந்த ஏழு நாளும் அந்த நேரத்தில் அவள் டேபிளில் நின்று பனியனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியது என் கை.

அந்த ஏழிலும் கடைசிப் பத்தியில் ஐம்பத்தைந்து என்று இருந்தது. லைன் வீட்டில் எல்லாருக்கும் முப்பத்திரண்டுதான்.

செவ்வாய், வெள்ளி மதியங்களில் கமலாம்பாள் முருகன் கோவில் அன்னதானத்தில் பரிமாறப் போவார். மூன்று மணிக்குத்தான் திரும்புவார். வேல்குமார் யூனிட்டில் இருப்பான். 'ஊடு' முகத்தில் பார்ப்பதெல்லாம் வேல்குமார் போனிலும் தெரியும் என்பதால் அதை விட்டு, கடைசியில் இருந்த நாலாம் முகத்தை அமுக்கியிருக்கிறார் பெரியவர்.

தாளைக் கவிழ்த்துப் போட்டேன். படம் பார்த்ததற்காக இல்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் தன் வீட்டில் தனியாக எதைப் பார்த்தால் எனக்கென்ன. பட்டியல் கையில் வந்த பிறகும் வாயைத் திறக்காமல், சோபாவில் கையை விரித்து உட்கார்ந்து, எழுத்துலயே திருப்பிக் குடுக்கோணும் என்று சொன்னாரே, அதற்கு. அடுத்த நிமிடம் இன்னொன்று நினைவுக்கு வந்தது, அது இன்னும் மோசம். மார்ச் நடுவில் ஒரு நாள் ஜோதிகா டைம் ஆபீஸ் ஜன்னலில் குனிந்து, "அண்ணே, உங்க ஊட்டு டிவிலயும் ஒரு மாதிரி படமாத்தான் முன்னால வந்து நிக்குதா? நான் எதையும் போடல, அதுவா வருது" என்று கேட்டிருந்தாள். ஒருத்தர் ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி பத்தைக் கொண்டுவந்து அந்த முகத்தில் நிறுத்துவதுதான் அந்த ஆப்பின் வேலை. அது எனக்குத் தெரியும். வேலை மும்முரத்தில், எல்லாருக்கும் அப்படித்தான் வரும் போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள் என்று என் மனைவி சொன்னாள். பெருமாள்சாமி பெண் வந்த அன்று துண்டை எடுத்திருக்கிறாள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் சனிக்கிழமையே போய்ச் சொல்லவில்லை. என் பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் வீடு மாற முடியாது. எழுதச் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம் என்று படுத்தேன். தூங்கியும் விட்டேன்.

மறுநாள் அந்த ஹால். மருதாசலம் தொண்டையைச் செருமி, ஒரு பெண் தனியாக இருந்தால் பத்துக் கண் பார்க்கும், நாமதான் ஒழுக்கமா இருக்கோணும் என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினார். அவருக்குப் பின்னால் சுவரில் முருகன் காலண்டர். வேல்குமார் கடலைத் தோலை ஊதி ஊதித் தின்றான். தோல் பறந்து கமலாம்பாளின் வெங்காயத்தில் விழுந்தது. ஜோதிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. டிவியைத்தான் பார்த்தாள், அணைத்து வைத்த கறுப்புக் கண்ணாடியை. அதில் நாங்கள் எல்லாரும் சின்னதாகத் தெரிந்தோம்.

"பட்டியலப் படிங்க அருளு. அவளுக்கும் தெரியட்டும்" என்றார் மருதாசலம்.

நான் படித்தேன். "மார்ச் நாலு, செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்னு நாப்பது" என்று ஆரம்பித்தேன். இதை யாராவது தைரியம் என்று நினைத்தால் தவறு. தினமும் காலையில் மேனேஜருக்கு ஹாஜர் படிக்கிற வாய் அது, அந்த வரிசையில்தான் வரும்.

வேல்குமார் குறுக்கே வந்தான். "பேர மட்டும் படிங்கண்ணா. நேரமெல்லாம் எதுக்குங்?"

அப்போதுதான் எனக்கு வீம்பு வந்தது. கடிதத்தோடு நகல் என்று வைத்தால் மூலத்தில் இருப்பது முழுக்க இருக்க வேண்டும், பாதியை விட்டால் அது நகல் இல்லை என்றேன். மருதாசலத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடியே மேலே போனேன். மார்ச் ஏழு, வெள்ளி, மதியம் ஒன்று முப்பத்தைந்து, ஐம்பத்தைந்து இன்ச். மார்ச் பதினொன்று, செவ்வாய், மதியம் ஒன்று ஐம்பது, ஐம்பத்தைந்து இன்ச். மார்ச் பதினாலு, வெள்ளி. படத்தின் பெயரை வாய்க்குள் முணுமுணுத்து, நேரத்தையும் இன்ச்சையும் உரக்கப் படித்தேன். நாலாவது வரியில் வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றது.

கமலாம்பாள் கேட்டார். "செவ்வாயும் வெள்ளியுமாங்க?"

"ஒம்பதுல ஏழுங்க, அம்மா. மீதி ரெண்டு ஞாயித்துக்கெழம, முப்பத்திரெண்டு இன்ச்."

"இந்தப் புள்ள அந்நேரத்துக்கு எங்க இருந்துச்சு?"

"கம்பெனிலங்க. ஒன்றரை ஷிப்ட். புத்தகத்துல இருக்குது."

வேல்குமார் கடலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. "நெட்டுல இதெல்லாம் கொழம்புமுங்க. ஒரு டிவிக்கு இன்னொரு டிவி ஏறிக்கும்" என்றான். ஐந்து நிமிடம் முன்பு வரை அதே நெட் தவறே செய்யாத சாட்சியாக இருந்தது.

மருதாசலம் விரித்திருந்த கைகளை மெதுவாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மனிதர் அழுதிருந்தாலும் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கும். அவர் சொன்னது இது: "சரி, அத உடுங்க. ரெண்டு அவ பாத்ததுதானுங்களே? ரெண்டுன்னாலும் தப்பு தப்புத்தான. அந்த ரெண்டையும் வெச்சு எழுதுங்க."



ஜோதிகா அப்போதுதான் பேசினாள். "ரெண்டு நான் பாத்தேன். ஒன்னு அது என்ன எழவுன்னு தெறந்து பாத்தேன், மூடிட்டேன். இன்னொன்னு பாத்துக்கிட்டே தூங்கிட்டேன். ஆறு நாளு நின்னுக்கிட்டே வேல பாத்தவ ஞாயித்துக்கெழம என்னத்தப் பாத்தா உங்களுக்கு என்ன?"

குரல் உயரவில்லை. லாட்டில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று சூப்பர்வைசரிடம் சொல்கிற குரல்தான்.

பெருமாள்சாமி எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலி அவரோடு கொஞ்சம் ஒட்டி வந்து விழுந்தது. மருதாசலம் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, எம்பிள்ள கண்ணுல பட்டது உங்க வேலையா? ஒரு வாரமா இந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு பிள்ளைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப அதுகிட்ட என்னன்னு மாத்திச் சொல்ல?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார். போகும்போது ஜோதிகாவின் செருப்பை மிதித்து, குனிந்து அதை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

கமலாம்பாள் முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்த இரண்டு தாள்களையும் வாங்கினார். படிக்கவில்லை. திரும்பிப் போய், வெங்காயத் தோலை அள்ளி அதில் கொட்டி, நாலாக மடித்து, குப்பைக் கூடையில் போட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜோதிகாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, வெங்காயத்தாலா என்று சொல்ல முடியாது.

"கண்ணு, உனக்குப் புள்ள வரோணும். எனக்கு இந்த ஊடு நிக்கோணும். நீ இந்தப் பேச்ச வாசல் தாண்டி உடாத. லெட்டர நான் சொல்றேன், எம்பேர்ல போகட்டும்."

இவ்வளவு நேரம் கழித்து வந்த நியாயமும் இந்த மாதிரித்தான் வந்தது, பண்டமாற்றாக. கமலாம்பாள் புருஷனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பேச்சைச் சொல்ல முடிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜோதிகா நன்றி சொல்லவில்லை. கடிதத்தைத் தான் ஒரு தடவை படிக்க வேண்டும் என்றாள். நாலாம் முகத்தை இப்போதே அழிக்க வேண்டும், தன் கண் முன்னால், என்றாள். வேல்குமார் போனைத் தடவி அழித்தான். அழித்ததை அவளிடம் நீட்டிக் காட்டினான். அவள் போனைக் கையில் வாங்கவில்லை, எட்டத்திலிருந்தே பார்த்தாள். நல்லான் அண்ணனை வரச் சொல்லித் தன் வீட்டுக்கு மட்டும் கேபிள் இழுத்துக்கொள்வதாகவும், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றும் கேட்டாள். "எம்பிள்ளைக்குப் பொம்மப்படம் வேணும். அத எவனும் எண்ணக் கூடாது."

"இழுத்துக்க கண்ணு" என்றார் கமலாம்பாள்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ராக்கம்மாள் அவர்களுக்கு மருதாசலம் மனைவி கமலாம்பாள் எழுதுவது. உங்கள் மருமகள் ஜோதிகா எங்கள் நாலாம் வீட்டில் இரண்டு வருடமாக நல்லபடி இருந்து வருகிறாள். நீங்கள் அன்று எழுதிக் கொடுத்த பொறுப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. பேத்தியை ஜூன் முதல் வாரம் அனுப்பி வைக்கவும். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அவள் கம்பெனிக்குப் போன நேரம் குழந்தை என் பார்வையில் இருக்கும். ஜோதிகா கடைசி வரியில் மட்டும் விரலை வைத்து, 'என் பார்வையில்' என்பதை எடுத்துவிட்டு 'மூன்றாம் வீட்டில் பெருமாள்சாமி மனைவியோடு' என்று போடச் சொன்னாள். கமலாம்பாளின் முகம் சுருங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினார். நான் வேறு தாளில் முழுக்கத் திருப்பி எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை மறுநாள் பதிவுத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் மருதாசலம். இதுவரை வாடகைக்குக்கூட லைன் வீட்டு வாசலுக்கு வந்தவர் இல்லை. ஜன்னலில் இருந்து கூப்பிடுவதுதான். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். என் மனைவி உள்ளே போய்விட்டாள். பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். மேசையில் உறை கிடந்தது, முகவரி எழுதி, கடிதத்தை உள்ளே வைத்து, ஒட்டாமல்.

பையன் பரீட்சையை விசாரித்தார். அடுத்த வருடமும் இங்கேயே இருங்க, உங்களை மாதிரி ஆளு கிடைக்காது என்றார். கடைசியில் மேசை முனையில் விரலால் கோடு போட்டபடி சொன்னார்.

"கீழ ஒரே ஒரு வரி சேத்திருங்க அருளு. சின்னதா ஒரு தப்பு நடந்துச்சு, பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டோம்னு. நாளைக்கு அவ எதாச்சும் பேசுனா நமக்கு ஒரு எழுத்து வேணுமுங்களே."

நான் அவரையே பார்த்தேன். மன்னித்துவிட்டோம் என்கிறார். வார்த்தையை எங்கிருந்து எடுக்கிறார் பாருங்கள். குப்பைக் கூடையில் வெங்காயத் தோலோடு கிடக்கிறதே அந்தப் பட்டியல், அதற்கு அவள் குற்றவாளி, இவர் மன்னிப்பவர். அந்த ஒரு வரி போதும், சத்துணவு டீச்சர் படிக்கும்போது நாலு பேர் என்ன தப்பு என்று கேட்பதற்கு. திருநீறு வாசம் மூக்கில் ஏறியது. அன்றிலிருந்து எனக்கு அந்த வாசமே கொஞ்சம் பிடிக்கவில்லை.

பையனின் பரீட்சை முடிய இன்னும் நாலு பேப்பர் இருந்தது. வீடு போகட்டும் என்று அந்த நிமிடம் நான் முடிவு எடுத்தேன் என்றால் பொய். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்தக் கையால் அந்த வரியை எழுதினால் நாளைக் காலையில் ஹாஜர் புத்தகத்தை எப்படித் தொடுவது.

உறையை எடுத்தேன். பசை டப்பா உள்ளே அலமாரியில் இருந்தது, அதை எடுக்கப் போனால் அவர் கடிதத்தை எடுத்துவிடுவார். மடிப்பின் ஓரத்தை நாக்கால் தடவினேன். பழைய உறை, பசை கசந்தது, தூசியும் சேர்ந்து. அழுத்தி ஒட்டி, மேலே உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன்.

"ஒட்டிட்டனுங்க" என்றேன்.

அவர் உறையைப் பார்த்தார். என் நாக்கைப் பார்த்தது போல இருந்தது. "அப்புறம் உங்க இஷ்டமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்தார். இந்த ஊரில் மிரட்டலும் 'ங்க' போட்டுத்தான் வரும்.

மறுநாள் எட்டரைக்கு ஜோதிகா கேட்டில் வந்தாள். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். உறையை ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பி, ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், செக்கிங்கில் தையலைப் பார்க்கிற மாதிரி.

"வேற எதுவும் சேக்கலயேண்ணே?"

"இல்ல."

மருதாசலம் வந்ததை அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்து, இன்றைக்கும் அரை ஷிப்ட் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மார்ச்சில் அவள் ஜன்னலில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் எழுதி வைத்துவிட்டுத் தபால் ஆபீஸுக்குப் போனேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர், எல்லாரும் சாம்பிள் பார்சல்காரர்கள். என் முறை வந்ததும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு என்றேன். கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டு, ராக்கம்மாள் என்ற பெயரையும் ஊரையும் தட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த கோணிப்பைக்குள் எறிந்தார்.